ஐசனாவரின் இதயம்: ஓசையின்றி வளர்ந்த இரத்த ஓட்டக் குறை

டுவைட் டி. ஐசனாவர் 1890இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளை வழிநடத்திய அவர், 1953இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். நெடுநாள் புகைப்பழக்கத்தை 1949இல் கைவிட்டிருந்தார். கோல்ஃப் ஆட்டத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். ஆயினும், அவருடைய இதயத் தமனிகளில் நோய் ஓசையின்றி வளர்ந்திருந்தது.

1955 செப்டம்பர் 23 அன்று டென்வர் நகருக்கு அருகே கோல்ஃப் ஆடியபோது அவருக்கு வயிற்றுக் கோளாறு போன்ற உணர்வு ஏற்பட்டது. நள்ளிரவுக்குப் பின் நெஞ்சுவலி வந்தது. முதலில் செரிமானக் கோளாறு என்றே அறிவிக்கப்பட்டது. பிற்பகலில் எடுக்கப்பட்ட இதய மின்வரைபடம் மாரடைப்பை உறுதிசெய்தது. உழைப்பின்போதோ அதன் பின்னரோ தோன்றும் வயிற்று அசௌகரியத்தை நீங்களும் எளிதாக எண்ணிவிடாதீர்கள்.

மாரடைப்புக்குப் பின் வாரக்கணக்கில் படுக்கையில் இருப்பதே அன்றைய வழக்கம். அவருக்கு மருத்துவம் பார்த்த பால் டட்லி ஒயிட், உடலியக்கத்தைப் படிப்படியாக மீட்பதில் நம்பிக்கை கொண்டவர். ஏறத்தாழ ஏழு வாரங்களுக்குப் பின், நவம்பர் 11 அன்று ஐசனாவர் மருத்துவமனையிலிருந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு மீண்டும் கோல்ஃப் ஆடினார், மறுபடியும் தேர்தலில் வென்றார்.

பின்னாளில் மாரடைப்புகள் தொடர்ந்தன. 1969 மார்ச் 28 அன்று, 78ஆம் வயதில், இதயச் செயலிழப்பால் அவர் காலமானார். உடற்கூறாய்வில், இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடிய சிறு கட்டி ஒன்று அட்ரீனல் சுரப்பியில் காணப்பட்டது. அவர் வாழ்ந்தவரை அது கண்டறியப்படவில்லை.

இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு, உழைக்கும் தசைகள் கேட்கும் அளவு இரத்தத்தை இதயத்தால் அனுப்ப இயலாது. ஆகவே பயிற்சி முடிந்த பின்னும் தசைகள் ஆக்சிஜன் குறையை ஈடுசெய்ய நீண்ட நேரம் எடுத்துக்கொள்கின்றன. இதயத் தமனியிலோ கால் தமனியிலோ வெளித்தெரியாத அடைப்பும் இருந்தால் களைப்பு மிகலாம். ஓய்வில் அறிகுறி காட்டாத குறை, பயிற்சியின்போதும் அதற்குப் பின்னும் வெளிப்படலாம்.

எனவே, மருத்துவர் வகுத்த அளவிலேயே பயிற்சி செய்யுங்கள். மூச்சு இயல்புக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது, நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கிறதா, களைப்பு மறுநாளும் நீடிக்கிறதா என்பவற்றைக் குறித்து வையுங்கள். பராமரிப்பாளரும் இதற்கு உதவலாம். முன்பைவிட மீட்சி தாமதமானால் பயிற்சியை நீங்களாகக் கூட்டாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், ஓய்விலும் தணியாத மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே அவசர மருத்துவ உதவியை நாடுங்கள்.