இறைபணியாளர் கான் அப்துல் கஃபார் கான்

எல்லைக் காந்தி என்னும் பெயரால் தமிழ் மக்கள் நன்கறிந்தவர் கான் அப்துல் கஃபார் கான். நம் மாணவர் பலர்க்கு அவர் இரண்டு மதிப்பெண் வினாவிற்குரிய விடையாக மட்டுமே அறிமுகமாகியிருப்பார். அப்பெயர் அன்பால் இடப்பட்டதே. எனினும், அவரது அகிம்சையை இரவல் பொருள்போல் காட்டிவிடுகிறது. அண்ணல் காந்தியடிகளின் தோழமை அவரைச் செழுமைப்படுத்தியது உண்மை. ஆயினும் அதன் ஊற்றுக்கண் திருமறையும், மக்கத்துக் கொடுமைகளைப் பொறுமையால் வென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வுமே என்பதை நாம் மறத்தலாகாது.

பெஷாவரை அடுத்த உத்மான்ஜாயி என்னும் ஊரில், 1890ஆம் ஆண்டு நிலக்கிழார் குடும்பமொன்றில் பிறந்தார். படைத்துறைப் பதவி இளமையிலேயே அவரைத் தேடி வந்தது. பட்டாணிய அதிகாரி ஒருவரை வெள்ளையர் ஒருவர் இழித்துரைக்கக் கண்டு அதனை உதறினார். தமையனாரைப் போல் இங்கிலாந்து செல்ல விழைந்தபோது அன்னையார் இசையவில்லை. 1910இல் தம்மூரிலேயே பள்ளி தொடங்கினார்.

பட்டாணியரிடையே பழிக்குப் பழி வாங்குதல் குலமானமாகவே போற்றப்பட்டது. பாட்டன் காலத்துப் பகைக்குப் பேரன் உயிர் கொடுத்தான். இத்தகைய மக்களுக்கு அந்நியர் வெளியேறுவதனால் மட்டும் விடுதலை வந்துவிடுமா? வாராது என்று தெளிந்த கஃபார் கான், 1929இல் குதாயி கித்மத்கார் என்னும் இறைபணியாளர் இயக்கத்தைத் தோற்றுவித்தார். இறைவனுக்கு எவர் பணியும் தேவையில்லை. அவன் படைப்புகளுக்குச் செய்வதே அவனுக்குச் செய்யும் பணி என்பது அதன் உறுதிமொழி. பழிவாங்குவதில்லை, தீங்கிழைத்தாரை மன்னிப்பது, எளிமையாய் வாழ்வது, நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் பொதுப்பணி ஆற்றுவது என ஒவ்வொருவரும் இறைவன்மீது ஆணையிட்டனர். துப்பாக்கியை அணிகலனாய்ச் சுமந்த பட்டாணியனை அதனைக் கீழே வைக்கச் செய்தது எந்தச் சட்டமும் அன்று; இந்த ஆணையே. இந்துக்களும் சீக்கியரும் இவ்வியக்கத்தில் இடம்பெற்றனர். வெள்ளாடை விரைவில் அழுக்கேறியதால் அவர்கள் செந்நிறச் சாயம் தோய்த்து உடுத்தினர். அதனைக் கண்ட ஆட்சியாளர் ரஷ்யப் பொதுவுடைமையின் சாயலெனக் கலங்கியது நகைப்பிற்குரியது!

சோதனை 1930 ஏப்ரல் 23இல் வந்தது. அன்று கஃபார் கான் கைது செய்யப்பட்டார். பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிகள் முழங்கின. பலர் மாண்டனர், கூட்டத்தினரோ கலையாது நின்றனர். படைக்கலமின்றி நின்ற அம்மக்களைச் சுட மறுத்தனர் கார்வால் படைப்பிரிவினர். இந்துக்களான அவ்வீரர்கள், சந்திரசிங் உள்ளிட்டோர், இராணுவ நீதிமன்றத் தண்டனை ஏற்றனர். ஆணைக்கும் மனச்சான்றுக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தாக வேண்டிய நிலை அன்று துப்பாக்கியின் இருபுறமும் இருந்தது.

1947இல் நிகழ்ந்த பிரிவினையை அவர் இறுதிவரை எதிர்த்தார். காங்கிரஸ் அதற்கு இசைந்தது தம்மைக் கைவிட்டதாகவே அவர்க்குப் பட்டது. அவ்வருத்தத்தில் நியாயம் உண்டென்றே நாம் கருதுகிறோம். 1948இல் பாகிஸ்தானுக்கு விசுவாச உறுதி எடுத்துக்கொண்ட பின்னரும், அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே சிறை சென்றார். ஆங்கிலேயர் காட்டிய அதே சிறைக்கதவுகளைத் தம் சமயத்தார் ஆட்சியிலும் மீண்டும் மீண்டும் கண்டார். அதற்காக அவர் தம் சமயத்தையும் விடவில்லை, ஆணையையும் மீறவில்லை.

1987இல் இந்தியா அவர்க்குப் பாரத ரத்னா விருது வழங்கியது. 1988 ஜனவரி 20ஆம் நாள் பெஷாவரில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் ஆப்கானிஸ்தானத்து ஜலாலாபாத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது. அங்கே உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம் அது. அவரது ஜனாஸாவிற்காகப் போர் நிறுத்தம் அறிவிக்கப்பட, பல்லாயிரவர் கைபர் கணவாயைக் கடந்து உடன் சென்றனர்.