வானறிஞர் போக்ஸன்

நீலகிரிக்குச் செல்வோர் தொட்டபெட்டாச் சிகரமேறி நாற்றிசைப் பள்ளத்தாக்குகளையும் கண்டு களிப்பர். 1871-ம் ஆண்டு டிசம்பர் 12-ம் நாள் அங்கு நின்றோரோ வானையே நோக்கி நின்றனர். முழுச் சூரிய கிரகணத்தைக் காண டெனன்ட் என்பார் அச்சிகரத்திலும், பிரெஞ்சு அறிஞர் ழான்சென் சோலூரிலும் கருவிகளுடன் காத்திருந்தனர். சென்னை அரசாங்க வானாராய்ச்சியாளர் நார்மன் போக்ஸன் மலையேறினாரல்லர். கீழே அவிநாசியில் தங்கினார்.

இவர் 1829-ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரிற் பிறந்தவர். விண்மீன்களின் ஒளியை அளக்க இன்றும் வழங்கும் விகிதத்தை 1856-ல் வகுத்தவர் இவரே. அவ்வாண்டே ஐஸிஸ் என்னும் சிறு கோளைக் கண்டார். அவர் மகளுக்கும் அப்பெயருண்டு. அப்பெண்மணியார் பின்னர்ச் சென்னையில் தந்தைக்கு உதவியாளராயினார்.

1861-ல் சென்னை, நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிக் கூடத்திற்கு வந்த போக்ஸன், ஏப்ரலிலேயே மற்றொரு சிறு கோளைக் கண்டார். நம் கண்டத்திலிருந்து முதன்முதற் கண்டதாதலின் ஆசியா எனப் பெயரிட்டார். விண்மீன் படத்தையும் வானத்தையும் ஒப்புநோக்கி, படத்தில் இல்லாததும் இரவுக்கிரவு இடம்பெயர்வதுமான புள்ளியைத் தேடிப் பிடிப்பதே அக்காலத்து முறை. கண்ணும் பொறுமையுமே முதல். இவ்வாறே ஸாப்போ, ஸில்வியா, காமில்லா, வீரா என்பனவும் சென்னையிற் கிட்டின. அவருடைய உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாசாரியார் 1867-ல் ஒளிமாறும் விண்மீனொன்றைக் கண்டு புகழ்பெற்றார்.

சிறு கோள்களிற் பெரும்பாலன செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே அடங்கி உலவுவன. அயற்கோளின் பாதையைக் குறுக்கிடுவனவும் உள. 1898-ற் கண்ட ஈராஸ் செவ்வாயின் பாதையைக் கடந்து நம்மை அணுகுகிறது. போக்ஸன் அதைக் காண உயிரோடில்லை. எனினும் அத்தகைய வேறொன்றை அவர் துரத்தியதுண்டு. பீலாவின் வால்மீன் பூமியின் பாதையையே குறுக்கிடுவது. அது 1846-ல் இரண்டாகப் பிளந்து, 1852-க்குப் பின் மறைந்தது. 1872 நவம்பர் 27-ல் அதன் துகள்கள் எரிமீன் மழையாய்ப் பொழிந்தன. பீலா பூமியைத் தொட்டுச் சென்றது, தென்வானில் தேடுக என ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்பியூஸ் தந்தி விடுத்தார். போக்ஸன் தேடினார். டிசம்பர் 2-லும் 3-லும் வால்மீனொன்று தென்பட்டது! பாதையைக் கணிக்க மூன்று நிலைகளேனும் வேண்டும். மறுநாள் முகில் மூடிற்று. பின்னர் அது அகப்படவேயில்லை. அது பீலா அன்றென்பதே பிற்காலத்தார் கருத்து. ஆயினும் அம்மூன்றாம் இரவை நினைக்குந்தோறும் எம் நெஞ்சம் இரங்குகின்றது.

அவர் 1882-ல், 20 அங்குலத் தொலைநோக்கியொன்றைத் தென்னாட்டு மலையொன்றில் நிறுவுமாறு வேண்டினார். இடம் தேடி நீலகிரியையும் பழனிமலையையும் ஆய்ந்தவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பௌதிகப் பேராசிரியர் மிக்கி ஸ்மித். போக்ஸன் 1891-ல் சென்னையிலேயே காலமானார். அவர் பதவியை ஏற்ற ஸ்மித்தின் தலைமையில், 1899-ல் கொடைக்கானலில் வானாராய்ச்சிக் கூடம் எழுந்தது. நீலகிரிக்கு அப்பேறு கிட்டவில்லை.