வழக்கைத் தீர்த்து வைத்த வக்கீல்

வியாபாரிகளாகிய நமக்குக் கோர்ட்டு என்றால் உள்ளுக்குள் ஒரு நடுக்கம் உண்டு. நடுக்கம் இருந்தும் போகத்தான் செய்கிறோம். கூட்டுக் கடையில் மாமனும் மச்சானும் பிணங்கிக் கொண்டாலும், வாப்பா மௌத்தான பின் கடை யாருக்கு என்ற பேச்சு எழுந்தாலும், கட்டிக் கொடுத்த மகள் பெட்டியோடு வீடு திரும்பினாலும், முதலில் வாய்ச்சண்டை, அப்புறம் வக்கீல் நோட்டீசு என்று ஆகிவிடுகிறது. சமாதானம் பேச முன்வரும் பெரியவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. ஆனால் சமாதானம் பேசுவதும் துணி அளப்பதைப் போல, கணக்கு எழுதுவதைப் போல, கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வித்தை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த வித்தையை இரண்டு முஸ்லிம் வியாபாரிகளின் வழக்கிலே கற்றுக்கொண்ட ஒருவரின் சரித்திரத்தை ஈண்டு சுருக்கமாகச் சொல்லுகிறோம். அவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. உலகம் அவரை வேறு பல காரணங்களுக்காக அறியும். நாம் பார்க்கப் போவது வக்கீல் காந்தியை.

அவர் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கத்தியவாரிலுள்ள போர்பந்தரில் பிறந்தார். தகப்பனார் கரம்சந்த் அவர்கள் சமஸ்தான திவான். சிற்றரசர்களுக்கும் அவர்களுடைய பங்காளிகளுக்கும் இடையே எழும் தகராறுகளைத் தீர்த்து வைத்த ராஜஸ்தானிக் கோர்ட்டிலும் தகப்பனார் அங்கம் வகித்தவர். ஆகவே பிணக்குத் தீர்ப்பது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஆனாலும் தகப்பன் திறமை மகனுக்குத் தானாக வந்து சேரவில்லை. 1888-இல் லண்டனுக்குப் போய், 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பி வந்தவர், பம்பாய்க் கோர்ட்டில் தம் முதல் வழக்கில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்றார், நா எழவில்லை. வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பிறகு ராஜ்கோட்டில் மனு எழுதிக் கொடுத்துக் காலம் தள்ளினார்.

அப்படியிருக்கையில் 1893-இல் ஓர் அழைப்பு வந்தது. போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிகர் தாதா அப்துல்லா சேட், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் பெரிய வியாபாரம் நடத்தி வந்தார். அவருக்கு டிரான்ஸ்வாலில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஓராண்டு வேலை, 105 பவுன் சம்பளம், போக வர முதல் வகுப்புக் கட்டணம் என்பது ஏற்பாடு. காந்தி கப்பல் ஏறினார். டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்குப் போகும் வழியில், மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் அவர் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட கதை எல்லாரும் அறிந்ததே. அவர் எந்த வழக்குக்காக அந்த ரயிலில் ஏறினார் என்பதைத்தான் பலர் அறிய மாட்டார்கள்.

வழக்கு இது. பிரிட்டோரியாவில் வியாபாரம் செய்த தையப் ஹாஜி கான் முகம்மது சேட் தமக்கு 40,000 பவுன் தர வேண்டும் என்று தாதா அப்துல்லா பிராது கொடுத்திருந்தார். அந்தக் காலத்து 40,000 பவுன் சாமானியத் தொகையல்ல. பாக்கியில் ஒரு பகுதிக்குப் புரோநோட்டு இருந்தது. அந்த நோட்டுகள் மோசடியாக வாங்கப்பட்டவை, அவற்றுக்குப் பிரதியாகத் தமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது தையப் சேட்டின் வாதம். இவ்வளவுக்கும் இருவரும் உறவினர், ஒரே ஊர்க்காரர்.

பாரிஸ்டர் காந்திக்குப் புரோநோட்டு என்றால் என்னவென்றே அப்போது தெரியாது. தாதா அப்துல்லாவின் குமாஸ்தாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். கணக்கெழுதும் முறையைச் சொல்லும் ஒரு புத்தகத்தை விலைக்கு வாங்கிப் படித்தார். பற்று எது, வரவு எது என்று கற்றுக்கொண்டு, இரு தரப்புக் கடிதங்களையும் கணக்குகளையும் வரி வரியாகப் பார்த்தார். குஜராத்தியில் இருந்தவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். தம் கட்சிக்காரர் சொன்னதை அப்படியே நம்பிவிடாமல், அதையும் சோதித்துப் பார்த்தார். இந்த உழைப்புக்குப் பிறகே, தாதா அப்துல்லாவின் பக்கம் வலுவானது, சட்டமும் அவர் பக்கமே என்ற முடிவுக்கு வந்தார்.

வேறொரு வக்கீலாக இருந்தால், ஜெயிக்கிற வழக்கு கையில் இருக்கிறது என்று மகிழ்ந்திருப்பார். காந்தியின் கண்ணுக்கு இன்னொரு கணக்கு தெரிந்தது. வழக்கு நீள நீள இரு பக்கமும் வக்கீல் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு பெரிய வியாபாரிகளின் கைமுதலையே தின்றுவிடும் அளவுக்கு ஏறியது. இருவருக்கும் வேறு வேலை பார்க்க நேரமில்லை, மனக்கசப்பும் வளர்ந்தது. ஜெயித்தவருக்கும் செலவுத் தொகை முழுவதும் திரும்பி வராது.

ஆகையால் காந்தி, எதிர்க்கட்சிக்காரராகிய தையப் சேட்டை நாடிச் சென்றார். இருவரும் நம்பக்கூடிய ஒரு மத்தியஸ்தரை நியமித்தால் வழக்கு சீக்கிரம் முடியும் என்று எடுத்துச் சொன்னார். அவருடைய வக்கீலைக் கலந்துகொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காந்தி பொதுமனிதர் அல்ல. ஒரு தரப்பின் சம்பளம் வாங்கியவர். அது அவருக்கும் தெரியும். ஆகவே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் தாம் போய் உட்காராமல், அந்த இடத்தை மூன்றாமவருக்கு விட்டார். இரு தரப்பையும் அங்கே கொண்டு சேர்ப்பதே தம் வேலை என்று வைத்துக்கொண்டார்.

மத்தியஸ்தர் விசாரித்தார். தாதா அப்துல்லா ஜெயித்தார். சுமார் 37,000 பவுனும் செலவும் தையப் சேட் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வழக்கு இத்தோடு முடிந்தது என்றுதான் எவரும் சொல்லுவர். உண்மையான சோதனை இனிமேல்தான். தையப் சேட்டால் அவ்வளவு தொகையை ஒரே தடவையில் கட்ட முடியாது. கட்டாவிட்டால் திவால். தென்னாப்பிரிக்காவில் இருந்த போர்பந்தர் மேமன்களுக்குத் திவாலாவதை விடச் சாவதே மேல். கடன்பட்டவர் முழுத் தொகையையும் கொடுக்கவே விரும்பினார். ஒரு காசு குறைக்கச் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது தவணை ஒன்றே. ஆனால் ஜெயித்தவர் தவணைக்கு இசைய வேண்டுமே! மத்தியஸ்தத்துக்கு இசைய வைத்ததைக் காட்டிலும் இதற்குத்தான் காந்தி அதிகம் பாடுபட வேண்டியிருந்தது. முடிவில் தாதா அப்துல்லா, நீண்ட காலத்தில் சிறு சிறு தவணைகளாகப் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தார். இருவருக்கும் திருப்தி, ஊரில் இருவருக்கும் மதிப்பு உயர்ந்தது.

கடை வைத்திருக்கும் நமக்கு இதன் அருமை புரியும். தீர்ப்பு என்பது காகிதம். தோற்றவன் கடையை மூடிவிட்டு ஓடிப்போனால் அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வது? அவன் கடை திறந்திருந்தால்தான் நம் பணமும் வரும். நாளைக்கு ஒரு கலியாண வீட்டில் அவன் முகத்தில் விழிக்கவும் முடியும். தோற்றவனையும் நிற்க வைப்பதே சமாதானம். காந்தி பிரிட்டோரியாவில் கற்ற பாடம் இதுவே. பின்னர் இருபது ஆண்டுகள் வக்கீல் தொழில் நடத்தியபோது, அவருடைய நேரத்தில் பெரும் பகுதி நூற்றுக்கணக்கான வழக்குகளைக் கோர்ட்டுக்கு வெளியே ராஜியாக்குவதில் சென்றது. அதனால் தமக்குப் பண நஷ்டமும் இல்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஓராண்டுக்கு என்று போனவர், அங்குள்ள இந்தியரின் வேண்டுகோளுக்கு இணங்கி 1894-இல் நேட்டாலிலேயே தங்கினார். சில மாதங்களில் ஒரு தமிழர் அவரிடம் வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாக ஒரு வெள்ளைக்காரரிடம் வேலை செய்தவர். எஜமானர் அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் இரத்தம் வடிய, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

காந்தி அங்கே சமாதானம் பேச உட்காரவில்லை. முதலில் டாக்டரிடம் அனுப்பிச் சான்றிதழ் வாங்கினார். அடுத்து மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துச் சென்று வாக்குமூலம் கொடுக்கச் செய்தார். எஜமானருக்குச் சம்மன் பிறந்தது. அப்புறம்தான் பேச்சு. எஜமானரைச் சிறையில் தள்ளுவது காந்தியின் நோக்கமன்று. பாலசுந்தரம் அவரிடமிருந்து விடுபட வேண்டும், அவ்வளவே. ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித் தர எஜமானர் சம்மதித்தார். ஆயினும் அவர் குற்றவாளி என்பதை மாஜிஸ்டிரேட் பதிவு செய்தார். பாலசுந்தரத்துக்கு வேறு எஜமானரைக் காந்தியே தேடிக் கொடுத்தார்.

நம்மவர்கள் இதை இருமுறை படிக்க வேண்டும். அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து, குடும்ப மானம் போகும், பொறுத்துக்கொள் அம்மா என்று சொல்லித் திருப்பி அனுப்புவது மத்தியஸ்தம் அல்ல. பாதுகாப்பு முதலில், வைத்தியமும் சட்டமும் அடுத்து, பேச்சு அதற்குப் பிறகு. அந்தப் பேச்சும் அவள் அஞ்சாமல் வாய் திறக்கக்கூடிய இடத்தில்தான்.

பார்சி ருஸ்தம்ஜி சேட் என்பவரின் கதையும் வியாபாரிகளுக்கு உரியதே. காந்தியின் நெருங்கிய நண்பராகிய அவர், சுங்கத் தீர்வை கட்டாமல் சரக்குக் கடத்தி அகப்பட்டுக்கொண்டார். சிறைவாசம் எதிரே நின்றது. கண்ணீருடன் வந்தவரிடம், பிடிபட்ட சரக்கை மட்டுமின்றி முன்பு கடத்தியதையும் ஒப்புக்கொள்ளும்படி காந்தி சொன்னார். சுங்க அதிகாரியையும் அட்டர்னி ஜெனரலையும் தாமே கண்டு, எதையும் மறைக்காமல் பேசினார். ஒப்புக்கொண்ட தொகையைப் போல் இரு மடங்கு கட்டுவது என்று ராஜியாயிற்று. ருஸ்தம்ஜி நடந்ததையெல்லாம் எழுதிச் சட்டம் போட்டுத் தம் அலுவலகத்தில் மாட்டி வைத்தார், தம் வாரிசுகளும் மற்ற வியாபாரிகளும் பார்த்து நடக்கட்டும் என்று. பொய்க் கணக்கின் மேல் கட்டிய சமாதானம் நிற்காது என்பது இதன் கருத்து.

1915-இல் காந்தி தாயகம் திரும்பினார். 1918-இல் ஆமதாபாத் ஆலைகளில் கூலித் தகராறு மூண்டது. தொழிலாளர் 35 சதவீத உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20-க்கு மேல் இல்லை என்றனர். முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளருக்குத் துணை நின்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா. தொழிலாளர் தளர்ந்தபோது காந்தி உண்ணாவிரதம் இருந்தார். மூன்று நாளில் இரு தரப்பும் மத்தியஸ்தத்துக்கு இசைந்தன. மத்தியஸ்தராக இருந்த ஆனந்த சங்கர் துருவா 35 சதவீதமே கொடுக்கும்படி தீர்ப்பளித்தார். ஆயினும் தம் உண்ணாவிரதம் முதலாளிகளை நெருக்கியது, அது ஒரு குறையே என்று காந்தி மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நெருக்கி வாங்கிய சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் தொட்டதெல்லாம் துலங்கியது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1944 செப்டம்பரில் பம்பாயில் ஜின்னா சாகிபின் இல்லத்தில் பல நாட்கள் பேச்சு நடந்தும் உடன்பாடு ஏற்படவில்லை. சொந்த வீட்டிலோ, மூத்த மகன் ஹரிலாலுக்கும் அவருக்கும் ஏற்பட்ட பிளவு கடைசி வரை கூடவில்லை. ஊரார் வழக்கில் அவர் மூன்றாமவரைத் தேடினார். தம் வீட்டு வழக்கிலோ அவரே ஒரு கட்சிக்காரர். எவ்வளவு பெரிய மத்தியஸ்தராயினும் தன் வீட்டுப் பிணக்குக்குத் தானே மத்தியஸ்தராக இருக்க இயலாது. 1948 ஜனவரி 30-ஆம் நாள் டில்லியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். கணவன் மனைவி பிணங்கினால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்தும் முறை நமக்கு மார்க்கம் சொல்லித் தந்ததே. சிலாங்கூரில் 2001-ஆம் ஆண்டு ஸுல்ஹு விதிகள் ஏற்பட்டன. அவற்றின்படி ஜீவனாம்சம், பிள்ளைகளின் பராமரிப்பு, தம்பதியர் சேர்ந்து தேடிய சொத்து முதலிய வழக்குகளில், ஷரியா நீதிமன்றத்தில் ஸுல்ஹு அதிகாரி முன்பு இரு தரப்பும் உட்கார்ந்து பேசலாம். இசைந்ததைக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதுவே கோர்ட்டு உத்தரவாகப் பதிவாகிறது. மற்ற சிவில் தகராறுகளுக்கு 2012-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் இருக்கிறது. அதன்படி மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்லுபவர் அல்லர், பேச உதவுபவர். அங்கே பேசிய பேச்சு இரகசியமானது. பொதுவாக அதைப் பின்னால் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது.

வழி இருக்கிறது, வழி காட்டுபவர்கள்தாம் வேண்டும். கிள்ளானிலும் மேருவிலும் நம்முடைய ஒவ்வொரு ஜமாஅத்திலும் இரண்டு மூன்று பேராவது, பெண்களும் உட்பட, இந்த வித்தையைக் கற்க முன்வர வேண்டும். கற்க வேண்டியவை அதிகமில்லை. இரு தரப்புக் கணக்கையும் முழுவதும் பார். உன் கட்சிக்காரன் சொல்லையும் சோதி. நீ ஒரு பக்கத்தவனாயின் தீர்ப்பை இன்னொருவரிடம் விடு. அடிபட்டவரை முதலில் காப்பாற்று. தோற்றவனுக்குத் தவணை கொடு. புரோநோட்டு என்றால் என்னவென்று குமாஸ்தாவிடம் கேட்டறிந்த ஒரு பாரிஸ்டர் இவற்றை ஓராண்டில் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். நாள் முழுதும் கணக்கோடும் மனிதரோடும் பழகுகிற நமக்கு அது எட்டாததல்ல.