நாட்குறிப்பே தவமாக

‘ம’ என்ற ஒற்றை எழுத்தில் தம்மை மறைத்துக்கொண்டு, ஸ்ரீராமகிருஷ்ணரின் அமுதமொழிகளை உலகிற்கு அளித்தவர் மகேந்திரநாத் குப்தர். 1854-இல் கல்கத்தாவில் பிறந்த அவருக்கு, 13-ஆம் வயதிலேயே நாட்குறிப்பு எழுதும் பழக்கம் ஏற்பட்டது.

1882-இல் தட்சிணேசுவரத்தில் குருதேவரை முதன்முதலாகத் தரிசித்தபோது அவர் பள்ளித் தலைமையாசிரியர். இல்லறக் கவலைகளால் மனம் நொந்திருந்தவர். பெரும்பாலும் விடுமுறை நாட்களிலேயே குருவிடம் செல்ல முடிந்தது. கேட்டவற்றை வீடு திரும்பிய பின் நினைவிலிருந்து சுருக்கமாகக் குறித்து வைத்தார். ஒரு நாளின் நிகழ்ச்சிகளை நினைவுகூர்ந்து எழுதி முடிக்கப் பல நாட்கள் ஆனதும் உண்டு.

1886-இல் குருதேவர் மகாசமாதி அடைந்தார். எஞ்சியவை சுருக்கமான குறிப்புகளே. ஒவ்வொரு காட்சியையும் தியானித்து, அது மனக்கண்ணில் தெளிந்த பின்னரே ‘ம’ விரித்தெழுதினார். வங்கமொழியில் கதாமிருதத்தின் முதல் பாகம் 1902-இல் வெளிவந்தது. நான்காம் பாகம் 1910-இல். ஐந்தாம் பாகத்திற்கு மேலும் 22 ஆண்டுகள் ஆயின. அதன் அச்சுப்படிகளை இறுதி நாட்களிலும் திருத்திக்கொண்டிருந்த அவர், 1932 ஜூன் 4 அன்று உடலை நீத்தார்.

ஓய்வு கிடைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கிடைத்த சிறு பொழுதையே குருவின் திருவடிக்குக் காணிக்கையாக்கினார். அன்றாடப் பணியைச் சிரத்தையுடன் தொடர்வதும் சாதனையே என்பதற்கு அவ்வாழ்வு சான்று.