ஒரு மூவுக்கு அரை மணி நேரம்: கணினியாகவே மாறி செஸ் ஆடிய ஆலன் டூரிங்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஏதாவது செஸ் போட்டி நடந்தால் எட்டிப் பாருங்கள். காயை நகர்த்திய கை உடனே கடிகாரத்தைத் தட்டும். நேரம் தீர்ந்துவிட்டால், ஜெயிக்கிற நிலையில் இருந்தவருக்கும் பெரும்பாலும் தோல்விதான். கணினிகள் மோதும் போட்டிகளிலும் இப்படித்தான். ஆனா, கணினி செஸ்ஸின் முன்னோடி ஆலன் டூரிங் ஒரு மூவுக்கு அரை மணி நேரம்கூட எடுத்துக்கொண்டார். ஏன்?

தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

டூரிங்கின் அம்மா பிறந்தது கோவை போத்தனூரில், 1881-ல். அம்மாவின் அப்பா மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். டூரிங்கின் அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் பிறந்தது குன்னூரில். ஆலன் மட்டும் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்து, இங்கிலாந்திலேயே வளர்ந்தார்.

கணினி இல்லாமல் கணினி செஸ்ஸா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை உடைத்தவர்களில் டூரிங் முக்கியமானவர். செஸ்ஸில் சுமார்தான். ஆனாலும் இயந்திரத்தை ஆட வைக்க முடியும் என்று நம்பினார். 1948-ல் நண்பர் சாம்பர்னவுனுடன் சேர்ந்து அதற்கான விதிகளை எழுதினார். பெயர், டூரோசாம்ப். அதை இயக்கும் கணினிதான் கைவசம் இல்லை.

அதனால் 1952-ல் மான்செஸ்டரில் அலிக் கிளென்னி என்பவருக்கு எதிராக டூரிங்கே கணினியாக உட்கார்ந்தார். ஒவ்வொரு மூவையும் காகிதத்தில் கணக்குப் போட்டு நகர்த்தினார். கடிகாரம் வைத்திருந்தால் ஆட்டம் அப்போதே முடிந்திருக்கும். கிளென்னி பொறுமையாகக் காத்திருந்தார். 29 மூவ்களில் டூரோசாம்ப் தோற்றது.

நேர்மைக்கு என்ன சோதனை?

விதி சொல்வது மோசமான மூவ் என்று தெரிந்தாலும் அதைத்தான் ஆட வேண்டும். சொந்த மூளையைக் கலந்தால் அது கணினியின் ஆட்டம் ஆகாது. பிற்காலத்தில் அந்த விதிகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தபோது சில மூவ்கள் பொருந்தவில்லை. நீளமான கணக்குகளில் அவர் குறுக்குவழியில் போயிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இந்தச் சிக்கல் அவரோடு முடியவில்லை. 2003-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்த உலகக் கணினி செஸ் போட்டியில், ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது, டிரா கேட்கலாம் என்று ஜானி என்ற மென்பொருள் திரையில் காட்டியது. எதிரியான ஷ்ரெடரின் மென்பொருள் பிழையால் கிடைக்கும் அரைப் புள்ளி நியாயமில்லை என்று நினைத்த ஜானியின் இயக்குநர், டிரா கேட்காமல் தொடர்ந்து ஆடினார். ஷ்ரெடர் அந்த ஆட்டத்தை வென்று, கடைசியில் பட்டத்தையும் வென்றது. அது பெருந்தன்மையா, கணினியின் ஆட்டத்தில் மனிதத் தலையீடா? பெரிய சர்ச்சையே கிளம்பியது.

கடைசியில் என்ன ஆனார்?

கிளென்னியோடு ஆடிய அதே 1952-ல், தன்பாலின உறவுக்காக டூரிங் தண்டிக்கப்பட்டார். 1954 ஜூன் 7 அன்று 41 வயதில் இறந்தார். அரச மன்னிப்பு வந்தது 2013-ல்தான். அதற்கு முந்தைய ஆண்டு, மான்செஸ்டரில் காஸ்பரோவ் டூரோசாம்ப்புடன் மோதி 16 மூவ்களில் ஜெயித்தார். அன்று கணக்குப் போட்டது நிஜக் கணினி. யாரும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.