ஸ்டேஷன் போர்டில் இருக்கும் அந்த 'உயரம்' எப்படி வந்தது? பரங்கிமலையில் தொடங்கிய லாம்டனின் கதை

சேலம் - விருத்தாசலம் ரயில் பாதையில் இருக்கும் சின்னசேலம் மாதிரி ஸ்டேஷன்களில் இறங்கினால், மஞ்சள் போர்டில் ஊர் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்னு ஒரு எண் இருக்கும். கடலே இல்லாத ஊருக்கு இதை யார் அளந்தாங்க?

1858ல் தொடங்கிய மட்ட அளவைதான் இதற்கு அடிப்படை. சென்னை, நாகப்பட்டினம் உட்பட 9 துறைமுகங்களில் அலை ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்து, 1909ல் நாட்டுக்கே பொதுவான ஒரு கடல் மட்டத்தை முடிவு செய்தார்கள். அங்கிருந்து உள்நாடு வரை ஜி.டி.எஸ். என்ற எழுத்து செதுக்கிய உயரக் குறிக் கற்கள் நடப்பட்டன. எங்காவது அப்படி ஒரு கல்லைப் பார்த்தால் பெயர்த்துவிடாதீங்க. பக்கத்து ஊர்களின் உயரக் கணக்கு அதை நம்பித்தான் இருக்கு.

அந்த ஜி.டி.எஸ். என்பது மாபெரும் முக்கோண அளவை. அதைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன்.

யார் இந்த லாம்டன்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்காரர். ராணுவ அதிகாரி. 1799ல் திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணம் போரில் இருந்தவர். போர் முடிந்ததும் பூமியின் வளைவையே அளக்கணும்னு கிளம்பினார்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலையில் இருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கி.மீ. தூரத்தை 100 அடி இரும்புச் சங்கிலியால் அளக்க ஆரம்பித்தார். முடிக்க 57 நாள் ஆச்சு. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், வேண்டாம்னு திரும்பி வந்த சங்கிலி அது!

சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியோட கதை இன்னும் சுவாரசியம். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரிஷியஸ் கொண்டுபோய், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி வளைந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பாங்க. லாம்டன் கதவைச் சாத்திக்கொண்டு, சுமார் 6 வாரம் உட்கார்ந்து தானே நிமிர்த்தினார்.

சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 640 கி.மீ. என்று காட்டிய பழைய வரைபடங்கள் தப்பு, உண்மையில் சுமார் 580 கி.மீ.தான் என்று தெரிந்தது இவரால்தான்.

அவருக்கு உதவியாளராக வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயரமான சிகரத்துக்குப் பெயர் கிடைத்தது அவருக்கு. ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்குப் போகும் வழியில், 1823 ஜனவரி 20ல் இறந்த லாம்டனின் கல்லறை மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் இருக்கு.