ஷானன் ஆறும் 32 ஷில்லிங்கும்

ஆறு இருந்தது, விளக்கு இல்லை! அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு அப்போதுதான் எழுந்து நின்ற அயர்லாந்திலே, பட்டணத்து மாளிகைக்கு மின்சாரம், பட்டிக்காட்டுக் குடிசைக்கு மண்ணெண்ணெய். ஷானன் ஆறோ வீணே கடலில் விழுந்துகொண்டிருந்தது.

அந்த ஆற்றைக் கண்டு கணக்குப் போட்டவர் தாமஸ் மெக்லாக்லின். 1896-ல் ட்ரோகடாவில் பிறந்தவர். 1922 இறுதியில் பெர்லின் சென்று சீமன்ஸ் கம்பெனியிலே பொறியியலாளரானார். கைநிறையச் சம்பளத்தோடு அங்கேயே காலந்தள்ளியிருக்கலாம். ஆனால், பொமரேனியா என்னும் உழவர் வட்டாரத்தில் சிற்றூருக்கும் மின்கம்பி ஓடுவதைக் கண்டார். இங்கே முடிந்தது அயர்லாந்தில் ஏன் முடியாது என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை.

அமைச்சர் மெக்கிலிகன் அவருடைய கல்லூரித் தோழர். திட்டம் அரசின் முன் வந்தது. செலவு 52 லட்சம் பவுன்! அரசின் ஓராண்டு வருமானத்திலே ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. பைத்தியக்காரத்தனம் என்றார்கள் பணமூட்டைகள். லிஃபி ஆற்றின் மீது கண்வைத்திருந்த டப்ளின் முதலாளிகளுக்கு எரிச்சல் வராமலிருக்குமா? ஆனாலும் 1925-ல் சட்டம் நிறைவேறிற்று.

இனி, நாம் மறைக்கக் கூடாத கதை. ஆர்ட்னகிருஷாவில் கால்வாய் வெட்ட வந்த தொழிலாளிக்கு வாரம் 50 மணி நேர உழைப்புக்குக் கூலி 32 ஷில்லிங். தங்க இடமின்றி மாட்டுக்கொட்டிலிலும் பன்றிக்கொட்டிலிலும் படுத்தவர்கள் உண்டு. அதே 1925-ல் வேலைநிறுத்தம் வெடித்தது. அரசு அசையவில்லை. பசி வென்றது, போராட்டம் தோற்றது. வேலை நடந்த ஆண்டுகளில் விபத்திலே மாண்டவர்களும் பலர். மெக்லாக்லினைப் போற்றும் நாம், அந்த மண்வெட்டிக்காரர்களை எங்கே வைப்பது?

1927-ல் மின்சார வாரியம் பிறந்தது. மின்சாரம் தனியார் லாபத்துக்கன்று, பொதுமக்களுக்கென்று ஏற்பட்ட அந்த அமைப்பின் நிர்வாக டைரக்டராக மெக்லாக்லின் அமர்ந்தபோது வயது முப்பத்தொன்றுகூட ஆகியிருக்குமோ என்னவோ! 1929 ஜூலையில் மின்நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது.

ஆனால், செலவுக் கணக்கிலே அமைச்சருக்கும் வாரியத்துக்கும் மோதல். 1931-ல் மெக்லாக்லின் பதவி விலகினார். தோழமை குறுக்கே வந்து காப்பாற்றவில்லை! மறு ஆண்டே வாரியத்தின் இயக்குநர்களில் ஒருவராகத் திரும்பினார்.

அவர் கனவு கண்ட சிற்றூர் விளக்குக்கு 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில், டப்ளினுக்கு அருகே கில்சல்லகன் என்ற ஊரில் முதல் கம்பம் நடப்பட்டது. 1971-ல் அவர் கண்மூடியபோதும், கெரி மலைகளுக்கு நடுவே பிளாக் வேலி என்னும் ஊர் மின்சாரத்துக்குக் காத்துக்கொண்டுதான் இருந்தது.